எட்டில் ஏழு பங்கு அவனுடையது: ஒரு ரேடியேட்டர் வாங்கிய கணக்கு



"ஒரு ரேடியேட்டர் வாங்க ரெண்டு மாசமா சேர்?" என்று ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். பள்ளிவாசல் வாசலில் கேட்டார்கள், தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள், பாடசாலையில் சக ஆசிரியர்களும் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லிக் களைத்துப்போனதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், மற்றவர் சொத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும் பிரயோசனப்படும் என்று நினைக்கிறோம்.

"நாங்கள்" என்பது அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், மற்றவர் கடை வைத்திருப்பவர். கார் எங்களுடையது அல்ல. தங்கச்சியின் கணவர், எங்கள் மச்சான், மூன்று வருடங்களுக்கு முன் மௌத்தானார். அவர் விட்டுப்போன சொத்துகளில் ஒன்று 1992 ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட் ஜீடி டேர்போ. மச்சானின் வாப்பாவும் உம்மாவும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பிள்ளை ஒரே ஒரு மகன். ஆகவே பங்கு பிரிப்பது லேசு: மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு எட்டில் ஏழு. மருமகனுக்கு இப்போது வயது 13. அவன் பெரியவனாகும் வரை அவனுடைய சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி மச்சான் வஸிய்யத்தில் எங்கள் இருவரையும் எழுதி வைத்திருந்தார்.

ஆகவே அந்தக் காருக்குச் செலவாகும் ஒவ்வொரு எட்டு ரூபாவிலும் ஏழு ரூபா ஒரு யத்தீமின் காசு. அதைக் கஞ்சத்தனம் பண்ணிப் பழுதாக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை, ஆசைப்பட்டு வீணாக்கவும் உரிமை இல்லை. எங்கள் சொந்தக் கார் என்றால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வேலை. இரண்டு மாதம் போனதற்குக் காரணம் இதுதான்.

இனி காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரியாதவர்களுக்கு அது ஒரு சின்னக் கதவுப் பெட்டி போலத்தான் தெரியும். 1331 கன சென்ரிமீற்றர் என்ஜின்தான். ஆனால் அதில் டேர்போ பூட்டி, ஜப்பானில் விற்ற காலத்தில் 135 குதிரை வலு என்று கணக்குச் சொன்னார்கள். காரின் எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. எழுபது எண்பது குதிரை வலுவோடு ஓடும் குடும்பக் கார்களின் அளவுள்ள என்ஜினில் இரண்டு பங்குக்குக் கிட்ட வலு எடுத்தால், வெப்பமும் அந்த அளவுக்கு வரும். பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் சில்லைச் சுற்றுவது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். இன்னொரு மூன்றில் ஒன்று புகையோடு போய்விடும். மீதியில் பெரும் பகுதியைத் தண்ணீர் சுமந்து கொண்டுவந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். பெயர் ரேடியேட்டர் என்றாலும் அது கதிர்வீசலால் குளிர்வதில்லை. செட்டைகளுக்கு ஊடாகப் போகும் காற்றுத்தான் வெப்பத்தைக் கொண்டு போகிறது. பிள்ளைகளுக்கு நாங்கள் கரும்பலகையில் எழுதும் மேற்காவுகைதான் அது.

மச்சான் இந்தக் காரைப் பெரிய ஆசையோடு வைத்திருந்தார். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தைப் பார்க்கப் போவார். 1934 இல் தொடங்கிய ஓட்டம் அது. அவர் ஓடியதில்லை, பார்க்க மட்டும்தான் போவார். திரும்பி வந்து ஒரு கிழமைக்கு அதே கதைதான். மருமகனுக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

பழுது தெரிந்தது இப்படி. ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்து நெரிசலில் நின்றாலும் முள் அசையாது. ஆனால் கண்டிக்குப் போகும்போது, மஹியங்கனை தாண்டி ஹசலக்கவிலிருந்து பதினெட்டு வளைவில் ஏறத் தொடங்கினால், நாலாவது ஐந்தாவது வளைவிலேயே முள் மேலே எழும்பும். ஏசியை அணைத்து, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடியும் போக வேண்டும். இரண்டு தடவை இப்படி நடந்தபின் காரை வீட்டில் நிறுத்திவிட்டோம்.

நிறுத்திய அடுத்த நாளே ஆலோசனைகள் வரத் தொடங்கின. ஒருவர் சொன்னார், ரேடியேட்டருக்குள் கொஞ்சம் மஞ்சள் தூள் போடுங்கள் என்று. இன்னொருவர் லீக் அடைக்கும் திரவம் ஒன்றை வாங்கி ஊற்றச் சொன்னார். மூன்றாமவர் வாகனம் வாங்கி விற்பவர். அவர் சொன்னதுதான் எங்களை யோசிக்க வைத்தது. "மருந்த ஊத்தி ஒரு மாசம் ஓடும். அதுக்குள்ள வித்துருங்க. வாங்குறவன் மலையேற மாட்டான்."

தங்கச்சிக்கும் விற்கத்தான் விருப்பம். அவள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. "இந்தக் காசப் போட்டு இதச் சரிபண்ணி, என்ட புள்ளைக்கு என்ன லாபம் நானா?"

நாங்கள் மூன்று பேரும் ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பழுதை மறைத்து விற்பது ஹராம், அதைப் பற்றிக் கதைக்கவே வேண்டியதில்லை. யத்தீமின் சொத்தில் ஹராமான காசைச் சேர்ப்பது அவனுக்குச் செய்யும் உதவியும் அல்ல. பழுதைச் சொல்லி விற்கலாம். ஆனால் சூடேறும் டேர்போ கார் என்றால் வாங்குபவர் ரேடியேட்டர் விலையைக் குறைக்க மாட்டார், என்ஜின் விலையைக் குறைப்பார். அவர் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது முதல் 2025 இல் திரும்பத் தொடங்கும் வரை இந்நாட்டில் பழைய கார்களுக்கு என்ன விலை போனது என்று எல்லோருக்கும் தெரியும். இறக்குமதி திறந்த பிறகும் இந்த மாதிரி ஸ்டார்லட் இனிப் புதிதாக வரப்போவதில்லை. ஆகவே திருத்தி வைத்தால் விற்கவும் வழி இருக்கிறது, வைத்திருக்கவும் வழி இருக்கிறது. திருத்தாமல் விட்டால் இரண்டும் போய்விடும். மகன் பெரியவனாகி, இது வேண்டுமா வேண்டாமா என்று அவனே சொல்லும் நாள் வரை காரைப் பழுதில்லாமல் வைத்திருப்பது என்று முடிவெடுத்தோம். தங்கச்சி ஒரு நிபந்தனை போட்டாள்: பற்றுச்சீட்டு இல்லாத செலவு ஒன்றும் கணக்கில் வரக்கூடாது. அது சரிதான்.

அடுத்து ரேடியேட்டர் வாங்கப் போகலாம் என்றால், கராஜ் பாஸ் தடுத்துவிட்டார். நல்ல மனிதர். "முதல்ல ரேடியேட்டர்தான் பிழை எண்டு யாரு சேர் சொன்ன?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் சூடேறுவது எந்த நேரம் என்பதே பாதி விடை. நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றில்: ஃபேன், ஃபேன் சுவிட்ச், அல்லது ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு. ஒரு வேகத்துக்கு மேல் ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவைப்படாது. மாறாக, நிற்கும்போது ஒன்றும் இல்லாமல் மலையேறும்போதும் வேகமாக ஓடும்போதும் சூடேறினால், தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டருக்குச் சக்தி போதவில்லை, அல்லது ஹெட் கெஸ்கட் போய் எரிவாயு தண்ணீருக்குள் வருகிறது. எங்கள் கார் இரண்டாவது வகை.

இதில் பயம் ஹெட் கெஸ்கட்தான். அது போயிருந்தால் புது ரேடியேட்டர் போட்டும் பயனில்லை, செலவும் பல மடங்கு. பாஸ் ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதற்குள் நீல நிறத் திரவம் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டார். எரிந்த வாயு தண்ணீருக்குள் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். சூடேறிய உடனே காரை நிறுத்தி வைத்ததால் என்ஜின் தப்பியது என்று பாஸ் சொன்னார்.

பிறகு ஏசி திருத்தும் ஒருவரிடம் அகச்சிவப்பு வெப்பமானி இரவல் வாங்கி, என்ஜின் சூடானதும் ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்தோம். மருமகன் ஒரு கொப்பியில் கட்டம் கீறி எண்களை எழுதினான். ஒரு பக்கம் சூடாகவும் நடுவில் ஒரு பெரிய பகுதி ஆறியும் இருந்தது. ஆறிய இடத்தில் தண்ணீர் ஓடவில்லை, குழாய்கள் அடைபட்டுவிட்டன என்று அர்த்தம். நமது கரையோரக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றினால் கேத்தலுக்குள் படிவது போலத்தான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். மேல் டேங்க் கறுப்புப் பிளாஸ்டிக். அது நிறம் மாறிக் கபிலமாகியிருந்தது. ஒரு ஓரத்தில் முடி போல வெடிப்பும் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் வருடக்கணக்காக வெந்து முறுகிவிட்டால் நிறம் அப்படித்தான் மாறும். மாறிவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான்.

வேறும் மூன்று விஷயங்கள் அகப்பட்டன. தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எப்போதோ எந்தக் கராஜிலோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். "சூடான நாட்டுக்கு அது எதுக்கு" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் குளிராகவே ஓடும், பெற்றோல் கூடக் குடிக்கும், தேயும். சூடேறும் நோய் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மூடி வெறும் மூடி அல்ல. தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைப்பதே அதன் வேலை. ஜப்பானியக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 0.9 மூடி சரியாக வேலை செய்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 118, 119 பாகை வரை தாங்கும். மூன்றாவது, ஃபேன் கூட்டின் கீழ்ப் பாதி உடைந்து போயிருந்தது. கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரின் முழு முகத்தாலும் காற்றை இழுக்காது, தனக்கு நேரே உள்ள வட்டத்தால் மட்டும் இழுக்கும்.

ஆகவே ரேடியேட்டர் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் மாற்றினால் போதாது. இது விளங்கிய பிறகுதான் எந்த ரேடியேட்டர் என்ற கேள்விக்கு வந்தோம். விலைகளை ரூபாவில் எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. நாங்கள் விசாரித்த காலத்து விகிதத்தை எழுதுகிறோம்.

முதல் வழி, பழையதைத் திருத்துவது. இதை ஒரு பங்கு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய செம்பு பித்தளை ரேடியேட்டராக இருந்தால் இதுதான் சரியான வழி. டேங்கை உருக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். வாப்பா காலத்து லொறிகளெல்லாம் அப்படித்தான் ஓடின. ஆனால் எங்களுடையது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். இரண்டும் ஒட்டப்பட்டவை அல்ல. நடுவில் ரப்பர் வைத்து, தகட்டுப் பல்லை மடித்து இறுக்கியவை. ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடித்தால் பல் முறியும் அபாயம் இருக்கிறது. வெடித்த டேங்குக்குப் புது டேங்க் தனியாகக் கிடைக்கவும் இல்லை.

இரண்டாவது வழி, பாவித்த ஜப்பான் ரேடியேட்டர். விலை இரண்டு பங்கு. தம்பி கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது மருமகனையும் கூட்டிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனார். ஸ்டார்லட் என்றதும் ஒரு கடையில் உடனே ஒன்றை எடுத்து வைத்தார்கள். மருமகன் பையிலிருந்து வேர்னியரை எடுத்துக் கோரின் தடிப்பை அளந்தான். வீட்டில் பழையது 26 மில்லிமீற்றர், இது 16. டேர்போ இல்லாத ஸ்டார்லட்டின் ரேடியேட்டர். பூட்டினால் பூட்டுப்படும், மலையில் அதே கதைதான் நடக்கும். கடைக்காரர் கோபிக்கவில்லை, "கெட்டிக்காரப் பொடியன்" என்று சிரித்தார். வேறொரு கடையில் டேர்போவுக்கு உரியதே இருந்தது. ஆனால் அதன் டேங்கும் கபில நிறம். முப்பது வருடத்துப் பிளாஸ்டிக்கைக் கொடுத்து முப்பது வருடத்துப் பிளாஸ்டிக்கை வாங்குவது வியாபாரம் அல்ல.

மூன்றாவது வழி, அசல் அளவுக்கே செய்த புது ரேடியேட்டர், அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். விலை மூன்று பங்கு. நான்காவது, முழுக்க அலுமினியத்தில் வெல்டிங் செய்த, ஓட்டப் போட்டிக்காரர்கள் போடும் தடித்த ரேடியேட்டர். விலை ஏழு பங்குக்குக் கிட்ட.

மருமகனின் ஆசை நான்காவதில். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்களோடு வாதாடினான், நன்றாகவே வாதாடினான். பிளாஸ்டிக் டேங்க் பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி வெடிக்கும், அலுமினியம் வெடித்தாலும் வெல்டிங் வைக்கலாம் என்றான். உண்மைதான். இந்த என்ஜினில் டேர்போ முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருக்கிறது, அந்த அனலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நல்லதா என்றும் கேட்டான். அதுவும் நல்ல கேள்வி.

நாங்கள் "சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது" என்று சொல்லவில்லை. அவனுடைய காசு அது. ஆகவே காரணத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். காரின் முன்னால் மூன்று பேரும் அளவு நாடாவோடு நின்றோம். ரேடியேட்டர் தடித்தால் பின்னால் ஃபேனுக்கும் டேர்போவுக்கும் இடையில் இருக்கும் இடம் குறையும். இருக்கும் ஃபேனும் கூடும் பொருந்தாது, மெல்லிய ஃபேன் வாங்க வேண்டும். மெல்லிய ஃபேன் பெரும்பாலும் இழுவையில் குறைந்தது. தடித்த கோருக்கு ஊடாகக் காற்றை இழுப்பதோ கஷ்டம். வேகமாக ஓடும் ஓட்டக்காரருக்கு எதிர்க்காற்று இருக்கிறது. பதினெட்டு வளைவில் இரண்டாம் கியரில், முன்னால் ஒரு லொறியும் அதன் பின்னால் நாங்களுமாக ஏறும்போது அந்தக் காற்று இல்லை. நமக்குக் கஷ்டமான இடத்தில் அது கைவிடக்கூடும். பெரிது என்பதும் போதும் என்பதும் ஒன்றல்ல.

டேர்போவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் என்ற கேள்விக்கு விடை டேர்போவின் வெப்பத் தகடு. அது ஒரு ஆணி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரியாக இறுக்கச் சொன்னோம். அவன் கேட்டிராவிட்டால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

இடையில் மூத்த சாரதி ஒருவர் "செம்பு போடுங்க, அதுக்கு நிகர் இல்ல" என்றார். செம்பு அலுமினியத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும், அது உண்மை. ஆனால் ரேடியேட்டரில் வெப்பம் உலோகத்தைக் கடப்பது சின்ன வேலை, காற்றுக்கு மாறுவதுதான் பெரிய வேலை. அலுமினியக் குழாயை அகலமாகச் செய்து செட்டையோடு கூடுதலான இடத்தில் ஒட்டவைக்கலாம். எடையும் செம்பின் மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. பெரிய லொறிக்குச் செம்பு இன்றும் நல்லது, எந்த ஊரிலும் ஒட்டலாம். இந்தக் காருக்குச் செம்பில் ஒன்று செய்விப்பதென்றால் தாங்கிகளையும் மாற்ற வேண்டும்.

கடைசியில் மூன்றாவது வழியைத் தெரிவு செய்தோம். 26 மில்லிமீற்றர் கோர், அசல் தாங்கிகளிலேயே உட்காரும், அசல் கூடும் பூட்டுப்படும். மிஞ்சிய காசில் புதுத் தேர்மோஸ்டாட், 82 பாகையில் திறப்பது. புது மூடி, பழையதில் எழுதியிருந்த அதே அளவு. கூடிய அழுத்த மூடி போடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். முப்பது வருடத்து ஹீட்டர் கோரில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது. கூட்டின் உடைந்த பாதியைப் பஞ்சிகாவத்தையிலேயே பாவித்ததாக எடுத்தோம். எல்லாம் சேர்ந்தும் நான்காவது ரேடியேட்டரின் விலைக்குக் கீழே வந்தது.

வாங்கும்போது நாங்கள் பார்த்த விஷயங்களை எழுதுகிறோம், யாருக்காவது உதவும். பழையதைக் கையோடு கொண்டு போங்கள், அல்லது ஐந்து அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்: கோரின் உயரம், அகலம், தடிப்பு, இரண்டு ஹோஸ் வாயின் விட்டம், தாங்கிகளுக்கு இடையிலான தூரம். மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், செசி இலக்கத்தையும் என்ஜின் வகையையும் சொல்லுங்கள். ஓட்டோ கியர் காருக்குரிய ரேடியேட்டரில் கியர் எண்ணெய் குளிரவைக்க இரண்டு சின்னக் குழாய்கள் கூட இருக்கும். மெனுவல் காரில் அவை வெறுமனே இருந்தால் கேடில்லை. ஓட்டோ காருக்கு அவை இல்லாததை வாங்கினால் கியர் பெட்டி போய்விடும். ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரில் பூட்டும் காரா என்று பாருங்கள். அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் பாவித்ததை வாங்காதீர்கள். புதிதென்றாலும் செட்டைகள் நசுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பூட்டும் நாளில் முதலில் என்ஜினுக்குள் இருந்த துருவைத் தண்ணீர் தெளிந்து வரும் வரை கழுவினோம். கழுவாமல் புதிதைப் பூட்டினால் பழைய குப்பை புதியதை அடைக்கும். பிறகு பாதி கூலன்ட், பாதி பெட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். நமது நாட்டில் பனி உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுக்க, கொதிநிலையை உயர்த்த. அலுமினியத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விஷம் என்றே சொல்லலாம். ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் என்ஜினை ஓடவிட்டு, தேர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் கீழே இறங்கும் வரை காத்திருந்து, காற்று முழுக்க வெளியேறிய பின்தான் மூடினோம்.

அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு, நான்கு பேரும் ஏறி உட்கார்ந்து மலையேறினோம். மருமகன் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் பாதிக்குக் கீழேயே நின்றது. ஹுன்னஸ்கிரியவில் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும்போது தங்கச்சி, "அவரு இருந்தா மேல போய்த் திரும்ப ஒருக்கா இறங்கி ஏறச் சொல்லுவாரு" என்றாள். மச்சான் மௌத்தான பிறகு அந்தக் காரைப் பற்றி அவள் சிரித்துக் கதைத்தது அன்றுதான். விற்பதா வைத்திருப்பதா என்று அதன்பின் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது. ரேடியேட்டர், உதிரிப்பாகம், கூலி எல்லாம் பற்றுச்சீட்டோடு. எட்டில் ஒன்று தங்கச்சியின் பங்கிலிருந்து, எட்டில் ஏழு மருமகனின் பங்கிலிருந்து. கொழும்புப் பயணம், சாப்பாடு, மலையேறிய பெற்றோல் எங்கள் கணக்கில். யத்தீமின் காசில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்பதற்காக மட்டுமல்ல, நாளைக்கு அவன் இந்தக் கொப்பியைத் திறந்து பார்ப்பான் என்பதற்காகவும். நான்காவது வகை ரேடியேட்டரின் விலையையும் அளவையும் கடைசிப் பக்கத்தில் அவனே எழுதி வைத்திருக்கிறான். 18 வயதில் தன் உழைப்பில் வாங்குவானாம். வாங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சூடேறிய காரின் ரேடியேட்டர் மூடியை யாரும் உடனே திறக்காதீர்கள், துணி போர்த்தியும் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 100 பாகைக்கு மேற்பட்ட தண்ணீர். மூடி திறந்த கணத்தில் அது கொதித்து முகத்துக்குத்தான் வரும். நிழலில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து, குறைந்தது அரை மணித்தியாலம் பொறுங்கள். என்ஜின் போனால் இன்னொன்று வாங்கலாம்.

மற்றது, நமது ஊரில் யத்தீம்களின் சொத்து பல வீடுகளில் மாமாமார், சாச்சாமார் கையில் இருக்கிறது. கடை, காணி, வள்ளம், வாகனம். பொறுப்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் நல்லெண்ணம் கணக்காகாது. எழுதி வையுங்கள். பிள்ளை சிறியதென்றாலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள். எங்கள் மருமகன் இந்த இரண்டு மாதத்தில் தன் சொத்தைப் பற்றித் தானே கேள்வி கேட்கப் பழகிவிட்டான். போன கிழமை எங்களிடம் வந்து, வாப்பாவின் காணிக் குத்தகைப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். கொப்பியை எடுத்துக் காட்டினோம்.

மச்சானின் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. அமானிதங்களைச் சுமக்கும் எல்லோருக்கும் அதை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.